பார்வை கெட்ட மிஷின்

அத்தியாயம் ஏழு

"அத்தை, இந்தச் சட்டையில நான் பணக்காரன் மாதிரி இருக்கேனா?"

"பணக்காரன்கிட்ட வேலை பாக்கறவன் மாதிரி இருக்க. அது போதும். வாயை மூடிக்கிட்டு இருந்தா இன்னும் பொருத்தமா இருக்கும்."

குச்சி வாயை மூடிக்கொண்டு வேனை ஓட்டினான். அவனுடைய உண்மையான பெயர் அவன் அம்மாவுக்கும் பாஸ்போர்ட்டுக்கும் மட்டும்தான் தெரியும். ஒட்டடை அடிக்க ஆள் தேவைப்பட்டால் கொம்பு தேடவேண்டாம் என்று பள்ளிக்கூடத்தில் யாரோ சொன்னது பெயராகவே ஒட்டிக்கொண்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அத்தை அவனுக்கு அப்பாவின் தங்கை, தொழிலில் முதலாளி. இரண்டு பதவிகளையும் ஒரே மூச்சில் பயன்படுத்தித் திட்டுவதில் அவருக்கு நிகர் கிடையாது. துப்பறிய வருவதற்கு முன்னால் ஒரு பெரிய துணிக்கடையின் புகார் மேஜையில் காலம் தள்ளியவர். "வாங்கும்போதே கிழிஞ்சிருந்துச்சு" என்று சொல்பவர்களின் முகத்தை வருஷக்கணக்கில் பார்த்ததில், பொய் எந்தத் திசையிலிருந்து வந்தாலும் அவருக்கு மூக்கில் வியர்த்துவிடும்.

பின் சீட்டில் வழக்கே உட்கார்ந்திருந்தது. ஒரு ரோஜாப் பண்ணையின் சூப்பர்வைசரும் அவர் மனைவியும்.

விஷயம் இதுதான். இரண்டு மாதத்துக்கு முன்னால் அந்தப் பண்ணையின் பேக்கிங் கொட்டகை எரிந்துபோனது. உள்ளே இருந்த மிஷினும் போனது. வெட்டி வந்த பூவைத் தரம் பிரித்து, எண்ணி, கட்டாகக் கட்டித் தள்ளுகிற மிஷின். கட்டின் மேல் சுற்றும் பிளாஸ்டிக் பட்டையை ஒட்டவைக்க அதில் ஒரு சூட்டுக்கம்பி உண்டு. சாயங்காலம் அதை அணைத்துவிட்டுப் போகவேண்டியது சூப்பர்வைசரின் வேலை. அவர் அணைக்கவில்லை என்று பழி விழுந்தது.

பழி விழுந்ததுகூடப் பெரிதில்லை. அவரே அதை நம்பிவிட்டார். முதல் வாரம் "அணைச்சுட்டுத்தான் போனேன்" என்றவர், இரண்டாம் வாரம் "அணைச்சதா ஞாபகம்" என்றார். இப்போது "அணைக்கலதான் போலிருக்கு" என்கிறார். நாளைக் காலையில் இன்ஷூரன்ஸ்காரர்களும் போலீஸும் சேர்ந்து நடத்தும் விசாரணையில் "என் கவனக்குறைவுதான்" என்று சொல்லப்போகிறார். சொல்லிவிட்டால் வேலை போவது நிச்சயம். ஜெயிலுக்குப் போவது பாதி நிச்சயம்.

அவர் மனைவி மட்டும் நம்பவில்லை. "வீட்டுல ஒரு விளக்கை அணைச்சிருக்கான்னு மூணு தடவை எழுந்து போய்ப் பாக்கற மனுஷன்மா இவரு" என்று அத்தையிடம் வந்து அழுதது அந்த அம்மாதான்.

அத்தை கொட்டகைச் சாம்பலைப் போய்ப் பார்த்தார். பண்ணை முதலாளி வெளியூர் போயிருந்த நாள் அது. கருகிய இரும்புக் குவியலை அவர் கண்டுகொள்ளவே இல்லை; குனிந்து தரையைப் பார்த்தார். மிஷினைத் தரையோடு இறுக்கியிருந்த போல்ட்டுகள் வரிசையாக நிமிர்ந்து நின்றன. ஒன்றில்கூட நட்டு இல்லை.

"நெருப்பு மிஷினைத் தின்னும்டா. ஸ்பானர் எடுத்து நட்டைக் கழட்டாது" என்றார் அத்தை.

ஆக, தீப்பிடிக்கும் முன்பே மிஷின் வெளியேறிவிட்டது. அதன் இடத்தில் வேறு ஏதோ பழைய இரும்பைப் போட்டுக் கொளுத்தியிருக்கிறார்கள். பூ பிரிக்கும் மிஷினைத் திருடியவன் அதை ஹாலில் வைத்து அழகு பார்க்க முடியாது, விற்றுத்தான் ஆகவேண்டும். இந்த வட்டாரத்திலேயே பழைய பூ மிஷின் வாங்கி விற்பவர் ஒரே ஒரு ஆள்தான். அவருடைய ஷெட்டுக்குத்தான் வேன் போய்க்கொண்டிருந்தது.

"நான் அந்தக் கருகின மிஷினை என் கண்ணால பார்த்தேன்மா" என்றார் சூப்பர்வைசர் பின்னாலிருந்து. இத்துடன் நாலாவது தடவை.

"கருப்பா ஏதோ ஒண்ணைப் பார்த்தீங்க" என்றார் அத்தை திரும்பாமலே. "உங்க முதலாளி அன்னிக்கு என்ன சொன்னாரு?"

"ஒரு வார்த்தை திட்டலம்மா. தோள்ல கை வச்சு, 'போனது போகட்டும், உன்னை மன்னிச்சுட்டேன்'னாரு. அப்படிப்பட்ட மனுஷனுக்கு நான் போய் இப்படிப் பண்ணிட்டேனே."

அத்தையின் மூக்கில் வியர்த்ததைக் குச்சி பார்த்தான். வேனில் ஏ.சி. வேலை செய்யவில்லை என்பதால் அதைத் துப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

வேனை ஷெட்டுக்கு வெளியே ஒரு மரத்தடியில் நிறுத்தினார்கள். சூப்பர்வைசரையும் மனைவியையும் உள்ளேயே உட்காரச் சொல்லிவிட்டு, அத்தை இறங்கிச் சேலையைச் சரிசெய்துகொண்டார். மொத்த மார்க்கெட்டில் வாங்கிய ரோஜா, இரண்டு வாளி நிறைய. குச்சி அதைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தான்.

ஷெட்டுக்குள் மூன்று மிஷின்கள் வரிசையாக நின்றன. ஒரே கம்பெனி, ஒரே மாடல். மூன்றுக்கும் புத்தம் புதிதாகப் பச்சைப் பெயின்ட் அடித்திருந்தது. பெயின்ட் அடித்தால் வயசு குறையும் என்ற நம்பிக்கை மனிதர்களோடு நின்றுவிடவில்லை போலிருக்கிறது. நம்பர் பொறித்த தகடு மூன்றிலும் இல்லை.

"துரு பிடிச்சு விழுந்துடுச்சும்மா" என்றார் வியாபாரி. உருண்டையான ஆள். கையில் ஒரு கைக்குட்டை. பேசும் நேரத்தைவிடக் கழுத்தைத் துடைக்கும் நேரம் அதிகம்.

"மூணுலயும் ஒரே நாள்லயா?" என்றான் குச்சி.

"தம்பி யாரு?"

"எங்க பண்ணையில மேனேஜர். தெரியாத்தனமா வச்சுட்டேன்" என்றார் அத்தை.

"உங்களுக்கு எத்தனை ஏக்கர்மா?"

"அதெல்லாம் எண்ணறதை விட்டாச்சு. மிஷினைக் காட்டுங்க."

வியாபாரியின் முகம் மலர்ந்தது. அத்தை முதல் மிஷினைச் சுற்றி வந்தார். சங்கிலியை விரலால் தூக்கிப் பார்த்து, எவ்வளவு தொய்கிறது என்று கவனித்தார். காம்பைக் கவ்வும் கிளிப்புகளின் ரப்பர் புதிதா என்று நகத்தால் கீறினார். உதிரிப் பாகம் கிடைக்குமா, மூணு ஃபேஸ் கரண்ட் வேண்டுமா, கேமராவுக்குப் புதிதாகக் கற்றுக்கொடுக்க முடியுமா என்று அடுக்கினார். நேற்று முழுக்கச் சூப்பர்வைசரை உட்காரவைத்துப் பாடம் கேட்டதை இன்று ஒப்பிக்கிறார் என்பது குச்சிக்குத் தெரியும். வியாபாரிக்குத் தெரியாது. அவர் கழுத்தை இன்னும் வேகமாகத் துடைத்தார்.

"ஓட்டிக் காட்டுங்க. பூ நாங்களே கொண்டு வந்திருக்கோம்."

மிஷின் வேலை செய்யும் விதம் லேசானது. ஒருவர் நின்று பூவை ஒவ்வொன்றாகக் கிளிப்பில் மாட்டவேண்டும். சங்கிலி அதை இழுத்துக்கொண்டு ஒரு கேமராப் பெட்டிக்குள் போகும். பெட்டி பூவைப் பார்த்து, முதல் தரமா, இரண்டாம் தரமா, மூன்றாம் தரமா, இல்லை கழிவா என்று தீர்மானிக்கும். தீர்ப்பு பக்கத்துத் திரையில் வரும். பூ அதற்குரிய தட்டில் விழும். ஒரு கட்டுக்கு வேண்டியது சேர்ந்ததும் மிஷின் இலையை உருவி, அடியை நறுக்கி, பட்டை போட்டுத் தள்ளிவிடும்.

முதல் மிஷின் நன்றாகத்தான் பிரித்தது. ஆனால் இலையை உருவுகிற இடத்தில் தோலையும் சேர்த்து உருவியது.

"இது என்ன, பூவுக்குச் சவரமா?" என்றான் குச்சி.

"செட்டிங் தம்பி. செட்டிங்கை மாத்தினா சரியாயிடும்."

கடைசி மிஷின் அழகாகக் கட்டியது. கட்டைக் கையில் எடுத்ததும் அத்தனை பூவும் அத்தையின் காலடியில் விழுந்தன.

"மரியாதை தெரிஞ்ச மிஷின்" என்றான் குச்சி.

"அதுவும் செட்டிங்தான்மா."

எல்லா நோய்க்கும் வியாபாரியிடம் ஒரே மருந்துதான் இருந்தது. அத்தை நடு மிஷின் பக்கம் திரும்பினார். வியாபாரி அவரை முந்திக்கொண்டு ஓடி வந்து குறுக்கே நின்றார்.

"இது புக் ஆயிடுச்சும்மா. இன்னிக்குச் சாயங்காலம் லாரி வருது."

"யாரு வாங்கறாங்க?"

"ஒரு பார்ட்டி."

"வந்து ஓட்டிப் பார்த்தாரா?"

"இல்லம்மா. போன்லயே முடிச்சுட்டாரு. நல்ல மனுஷன், பேரமே பேசல."

"மத்த ரெண்டுக்கும் கேமரா நினைவை அழிச்சுட்டுப் புதுசா ஏத்தியிருப்பீங்களே, இதுக்கும் பண்ணியாச்சா?"

"இல்லம்மா, இதை மட்டும் தொடவே கூடாதுன்னு பார்ட்டி சொல்லிட்டாரு. பெயின்ட் அடிச்சுக்கோ, ரப்பரை மாத்திக்கோ, கேமராவைத் தொட்டா அவ்வளவுதான்னாரு."

சொல்லிவிட்டு, ஏன் சொன்னோம் என்பதுபோல் வியாபாரி கைக்குட்டையைப் பார்த்தார். அத்தை அதைக் கவனிக்காததுபோல் வாளியிலிருந்து ஒரு பூவை எடுத்தார்.

"பார்த்துட்டுப் போறேன். பிடிச்சிருந்தா அவரைவிட மேல போட்டுத் தர்றேன். பார்க்கறதுல என்ன இருக்கு?"

ஆசை யாரை விட்டது. வியாபாரி ஒதுங்கிக்கொண்டார்.

குச்சி பூவை மாட்ட ஆரம்பித்தான். முதல் ரோஜா. நீளக் காம்பு, திமிராக நிற்கும் மொட்டு. பெட்டிக்குள் போனது. திரையில் தீர்ப்பு வந்தது: கழிவு. அடுத்தது: கழிவு. அதற்கடுத்தது, கல்யாணப் பெண்ணுக்குக் கொடுக்கலாம் என்கிற மாதிரி ஒன்று: கழிவு. குச்சி மாட்டிக்கொண்டே போனான், மிஷின் தள்ளிக்கொண்டே போனது. கழிவுத் தொட்டி நிரம்பி வழிந்தது. பக்கத்து வீட்டு மாமியார்கூட மருமகள் சமையலில் இவ்வளவு குறை கண்டதில்லை.

"கண்ணு போச்சும்மா இதுக்கு" என்று வியாபாரி வழிந்தார். "அதான் சொன்னேன், வேண்டாம்னு."

அப்போது ஒரு பூ முதல் தரத் தட்டில் பொத்தென்று விழுந்தது.

மூவரும் எட்டிப் பார்த்தார்கள். வாளியிலேயே மோசமான பூ அது. தலை தொங்கி, ஓரம் கறுத்து, வாளி நிறைவதற்காகக் கடைக்காரன் செருகிவிட்டது. அதன் மொட்டின் மேல் மட்டும் வெள்ளை வலைத் தொப்பி ஒன்று இருந்தது. மொட்டு விரிந்துவிடாமல் இருக்கப் பண்ணைகளில் மாட்டுவார்களே, அந்தத் தொப்பி. எடுக்க மறந்திருக்கிறார்கள்.

"செத்துப்போனதுக்கு முதல் பரிசு கொடுக்குது" என்றான் குச்சி. "எங்க ஆபீஸ் மாதிரியே இருக்கு அத்தை."

அத்தை வியாபாரியிடம் திரும்பி, "தொண்டை வறண்டு போச்சு. நல்ல டீ கிடைக்குமா? எனக்குச் சர்க்கரை கம்மி, தம்பிக்கு டீயே வேண்டாம்" என்றார். கூடுதலாகத் தருவதாக அத்தை சொன்னது காதில் இன்னும் இனித்துக்கொண்டிருந்ததால் வியாபாரி தானே ஓடினார்.

அவர் தலை மறைந்ததும் அத்தை அந்த வாடிய பூவின் தொப்பியைக் கழற்றினார். அதே பூவைத் திரும்ப மாட்டினார். கழிவு. தொப்பியைப் போட்டு மாட்டினார். முதல் தரம். ஜன்னல் மேடையில் பச்சைப் பெயின்ட் காய்ந்த பிரஷ் ஒன்று கிடந்தது. அதன் தலையில் தொப்பியைப் போட்டுக் கிளிப்பில் மாட்டினார்.

பிரஷ் கம்பீரமாகப் பெட்டிக்குள் போனது. திரையில் வந்தது: முதல் தரம்.

குச்சி பிரஷ்ஷைப் பார்த்தான். அத்தையைப் பார்த்தான். "அத்தை, நான் தலையில ஒண்ணு போட்டுக்கிட்டு உள்ள போகட்டுமா? வீட்டுல யாரும் என்னை முதல் தரம்னு சொன்னதில்லை."

"வேன்ல இருக்கறவர்கிட்ட ஓடிப்போய் ரெண்டு கேள்வி கேட்டுட்டு வா. தொப்பி எந்தப் பூவுக்குப் போடுவாங்க? மிஷினுக்குக் கத்துக்கொடுத்தது யாரு, எப்படி?"

குச்சி ஓடினான். சூப்பர்வைசர் ஜன்னலில் தலைவைத்துச் சாய்ந்திருந்தார். கண் மட்டும் திறந்திருந்தது.

"தொப்பியா? முதல் தரத்துக்கு மட்டும்தான் தம்பி. மத்த பண்ணையில எல்லா மொட்டுக்கும் போடுவாங்க. எங்க முதலாளி கொஞ்சம் சிக்கனம். நல்லா வரும்னு தோணற மொட்டைச் செடியிலயே பார்த்து அதுக்கு மட்டும் போடச் சொல்வாரு. கீழே விழுந்த தொப்பியைக்கூடப் பொறுக்கிட்டு வந்து துவைச்சுக் காயப்போடுவாரு. ஒரு தடவை கைப்பிடித் தொப்பி காணோம்னு வேலைக்காரங்களை வரிசையா நிக்கவச்சு..."

"சரி, சரி. மிஷினுக்குக் கத்துக்கொடுத்தது?"

சூப்பர்வைசரின் முகத்தில் அன்றைக்கு முதல் தடவையாகச் சற்று வெளிச்சம் வந்தது. "நான்தான். மிஷின் வந்த அன்னிக்கு ஒரு பொழுதுலயே சொல்லிக்கொடுத்துட்டேன். எங்களுக்கு முதல் தரம், கழிவுன்னு ரெண்டே போதும். நல்ல பூவா ஒரு குவியல் காட்டி, இது முதல் தரம்னேன். மத்ததை ஒரு குவியல் காட்டி, இது கழிவுன்னேன். அப்படியே பிடிச்சுக்கிச்சு. ஆறு வருஷம் தம்பி, ஒரு நாள் தப்புப் பண்ணினதில்லை. என்னைவிட அதுக்குக் கண்ணு கூர்மை."

"நல்ல பூவைக் காட்டினப்போ, தொப்பியோட காட்டினீங்களா?"

"பின்னே? நல்ல பூன்னா தொப்பி இருக்குமே."

குச்சிக்குப் புரிந்துவிட்டது. ஆறு வருஷமாக அந்த மிஷின் ஒரு பூவைக்கூடப் பார்த்ததில்லை. தொப்பி இருந்தால் முதல் தரம், இல்லாவிட்டால் கழிவு. அந்தப் பண்ணையில் தொப்பி போடுவதே நல்ல பூவுக்கு மட்டும் என்பதால் அது ஒரு நாளும் பிடிபடவில்லை. இப்படி ஒரு பாடத்தைப் படித்த மிஷின் உலகத்தில் இரண்டு இருக்க வாய்ப்பில்லை.

"இறங்கி வாங்க" என்றான். "அம்மா, நீங்களும். சத்தம் போடாம வந்து கடைசி மிஷினுக்குப் பின்னால நில்லுங்க."

ஷெட்டுக்குத் திரும்பி வந்து அவன் மூச்சு வாங்கச் சொல்லி முடித்ததும் அத்தை தலையை ஆட்டினார்.

"இது அவங்க மிஷின்தான். திருடினவன் யாருன்னு கேளு."

"டீ வாங்கப் போயிருக்காரே, அவர்தான்."

"அவரு வாங்கி வச்சிருக்காரு. கொண்டுவந்து கொடுத்தது யாரு? யோசிடா. கண்ணு போன மிஷினை ஒருத்தர் ஓட்டிப் பார்க்காம, பேரம் பேசாம, முழு விலைக்கு வாங்கறாரு. கேமராவைத் தொடாதேங்கறாரு. ஏன்?"

"பைத்தியமா?"

"அதுக்குக் கண்ணு போச்சுன்னே தெரியாதவரு. அதோட கண்ணு ரொம்ப கூர்மைன்னு ஆறு வருஷமா நம்பறவரு."

குச்சியின் தலைக்குள் ஏதோ சொடுக்கியது. "முதலாளியா? தன் மிஷினைத் தானே எதுக்கு அத்தை வாங்கணும்?"

"அவரேதான் இதை இங்க கொண்டுவந்து விட்டிருக்காரு. எரிஞ்ச மிஷினுக்கு இன்ஷூரன்ஸ் வரும். அதே மிஷின் புதுப் பெயின்ட்டோட, பழைய மிஷின் வாங்கினேன்னு வீட்டுக்கும் வரும். எனக்கு வேன்லயே மூக்குல வியர்த்துச்சு. ஒரு தொப்பி காணோம்னா ஆளை வரிசையில நிக்கவைக்கற மனுஷன், மிஷினையே எரிச்சவரை ஒரு வார்த்தை திட்டலைன்னா, அது நல்ல குணமாடா?"

குச்சி கடைசி மிஷினின் பக்கம் பார்த்தான். பின்னால் இருந்தவர்கள் காதில் இது விழுந்ததா என்று தெரியவில்லை. அங்கே அசைவே இல்லை.

வெளியே லாரி ஒன்று பின்னோக்கி வரும் சத்தம் கேட்டது. டீயுடன் வியாபாரி ஓடி வந்ததில் வழியெல்லாம் சிந்தி, அத்தைக்குப் பாதி டீதான் கிடைத்தது. லாரியின் முன்பக்கத்திலிருந்து வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் இறங்கினார். நரைத்த மீசை, மெதுவான நடை. கீழே கிடந்த ஒரு ரப்பர் வளையத்தைக் குனிந்து எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுதான் உள்ளே வந்தார். இது யார் என்று யாரும் குச்சிக்குச் சொல்லவேண்டியிருக்கவில்லை.

"யாரு இவங்க?" என்றார் முதலாளி.

"நானும் ஒரு மிஷின் வாங்க வந்தேங்க" என்று அத்தை முந்திக்கொண்டார். "இந்த நடு மிஷின் மேல ஆசைப்பட்டேன். நல்லவேளை நீங்க புக் பண்ணிட்டீங்க, நான் பிழைச்சேன்."

"ஏன்?"

"சுத்த மோசங்க. நல்ல பூ எது, கழிவு எதுன்னு தெரியல. இதை எவன் வச்சிருந்தானோ, பாவம், விவரம் தெரியாதவன்."

முதலாளியின் மீசை லேசாகத் துடித்தது. "மிஷினைப் பத்தி உங்களுக்கு என்னம்மா தெரியும்?"

"எனக்குத் தெரியாதுங்க. கழிவுத் தொட்டியைப் பாருங்க, அது சொல்லும்."

முதலாளி தொட்டியைப் பார்த்தார். அருமையான ரோஜாக்கள் குப்பையாகக் கிடந்தன. பூவை வீணாக்குவதைப் பார்த்தால் அவருக்கு வயிறு எரியும் என்பது முகத்திலேயே தெரிந்தது.

"மாட்டத் தெரியாம மாட்டியிருப்பீங்க" என்று சட்டைக் கையை மடித்துக்கொண்டு முன்னால் வந்தார். வியாபாரி "வேண்டாங்க, லாரி காத்துக்கிட்டிருக்கு" என்று இழுத்ததை அவர் காதில் வாங்கவில்லை. வாளியிலிருந்து நல்ல மொட்டாகப் பார்த்து எடுத்துக் கிளிப்பில் மாட்டினார். கழிவு. இன்னொன்று. கழிவு. நாலைந்தைச் சேர்ந்தாற்போல் மாட்டினார். மிஷின் ஒன்றுவிடாமல் தூக்கித் தொட்டியில் போட்டது.

"விவரம் தெரியாதவன்தான் வச்சிருந்திருக்கான்" என்றார் அத்தை அனுதாபமாக.

"டேய்!" முதலாளி வியாபாரியின் மேல் பாய்ந்தார். "என்னடா பண்ணின இதை? கேமராவைத் தொடாதேன்னு எத்தனை தடவை சொன்னேன்! ஆறு வருஷத்துல ஒரு பூ தப்பாப் போட்டதில்லைடா இது! என் கொட்டகையில..."

ஷெட்டில் மிஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. குச்சி சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து, பதிவு ஆகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி உள்ளே வைத்தான். வியாபாரி சுவரோரம் போய் உட்கார்ந்துகொண்டார். கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டார்.

"எரிஞ்சுபோன மிஷினைப் பத்தியா சொல்றீங்க?" என்றார் அத்தை.

"நான்... இந்த மாடலைப் பத்திப் பொதுவாச் சொன்னேன்." முதலாளி வேகமாகத் தேறிக்கொண்டார். "நீங்க யாரு? எதுக்குப் பதிவு பண்றீங்க? இது என் மிஷின்னு என்ன அத்தாட்சி? நம்பர் இருக்கா? என் மிஷின் எரிஞ்சுபோச்சு. எரிச்சவனே ஒத்துக்கிட்டான். போய் அவனைக் கேளுங்க!"

"கேட்டுடலாம்" என்றார் அத்தை.

கடைசி மிஷினுக்குப் பின்னாலிருந்து சூப்பர்வைசர் வெளியே வந்தார். மனைவி அவர் சட்டையின் கையைப் பிடித்துக்கொண்டே வந்து, பாதியில் விட்டுவிட்டாள்.

முதலாளி குரலைத் தாழ்த்தி, மிகவும் கனிவாகச் சொன்னார். "வாப்பா. நீயே பாரு. நம்ம மிஷின்ல ஆறு வருஷம் வேலை பார்த்தவன் நீ. நம்ம மிஷின் இப்படியா பூவைக் குப்பையில போடும்? இது நம்மளது இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. உனக்கு நான் என்ன குறை வச்சேன்? நாளைக்கு விசாரணையில நான் பார்த்துக்கறேன். உன்னைக் கைவிட மாட்டேன்."

அந்த மனிதர் சொல்லிவிடுவார் என்று குச்சிக்குத் தோன்றியது. நாளைக்குத் தன் தலையில் தானே பழியைப் போட்டுக்கொள்ளப் போகிறவருக்கு, இன்றைக்கு ஒரு பொய் சொல்வதா கஷ்டம்? பெயின்ட் பிரஷ்ஷை முதல் தரம் என்று சொல்ல ஒரு மிஷின் போதும். அந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுத்தது நான்தான் என்று சொல்ல அந்த ஒரு ஆள் வேண்டும்.

சூப்பர்வைசர் மிஷினிடம் போனார். தொட்டியில் கிடந்த ரோஜாக்களில் ஒன்றை எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். அத்தை மேடையில் வைத்திருந்த தொப்பியை எடுத்து அதன் மொட்டில் மெல்லப் போட்டார். மிஷின் தவறாகக் கற்றிருக்கிறது என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. வேன் ஜன்னலில் குச்சி கேட்ட கேள்வியை அவர் இவ்வளவு நேரமும் யோசித்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். கிளிப்பில் மாட்டினார். சங்கிலி இழுத்துப் போனது.

முதல் தரத் தட்டில் பூ விழுந்தது.

"நம்ம மிஷின்தான் ஐயா" என்றார். "நான் சொல்லிக்கொடுத்ததைத்தான் பண்ணுது. தப்பாச் சொல்லிக்கொடுத்துட்டேன், அது என் தப்பு. அதை நான் ஒத்துக்கறேன்."

"முட்டாள் மாதிரிப் பேசாதே..."

"சூட்டுக்கம்பியை அணைச்சேன் ஐயா." அவர் குனிந்து மிஷினின் கம்பியைப் பார்த்தார். "இப்பத்தான் ஞாபகம் வருது. அணைச்சுட்டுக் கதவு வரைக்கும் போய்த் திரும்பி வந்து இன்னொரு தடவை பார்த்தேன். ரெண்டு மாசமா அது ஞாபகத்துக்கு வரல. கண்ணை மூடினா கொட்டகைதான் எரியுது. எழுந்து உட்கார்ந்துக்குவேன். இவ பயந்துபோய் விடிய விடிய பக்கத்துலயே உட்கார்ந்திருப்பா." மனைவியின் பக்கம் கையைக் காட்டியவர், முதலாளியை நேராகப் பார்த்தார். "மன்னிச்சுட்டேன்னு சொன்னீங்களே, அப்போ நான் உங்க கால்ல விழுந்தேன். நீங்க சும்மா நின்னுக்கிட்டிருந்தீங்களே ஐயா."

முதலாளியின் கை சட்டைப்பைக்குள் போய் ரப்பர் வளையத்தைத் தேடிக்கொண்டிருந்தது.

அத்தை போலீஸுக்குப் போன் செய்தார். அவர்கள் வந்து மிஷினுக்குச் சீல் வைத்து, முதலாளியையும் வியாபாரியையும் ஜீப்பில் ஏற்றிக்கொள்ளும் வரை சூப்பர்வைசர் ஒரு ஓரமாக நின்று, தொட்டியில் கிடந்த ரோஜாக்களை எடுத்து வாளியில் அடுக்கிக்கொண்டிருந்தார். விசாரணையில் என்ன சொல்லவேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

வேன் மெயின் ரோட்டில் ஏறுவதற்குள் பின் சீட்டிலிருந்து குறட்டை கேட்டது. குச்சி கண்ணாடியில் பார்த்தான். மனைவியின் தோளில் சாய்ந்து வாயைத் திறந்துகொண்டு அந்த மனிதர் தூங்கிக்கொண்டிருந்தார். அந்த அம்மா அசையாமல் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். அழுகிற சத்தம் கேட்டுவிடக் கூடாதென்று சேலைத் தலைப்பை வாயில் அடைத்திருந்தாள்.

முன்னால் ஒரு டிராக்டர் வழியை அடைத்துக்கொண்டு ஊர்ந்தது. குச்சியின் கை ஹாரனுக்குப் போனது.

"அடிச்சே, கையை உடைச்சுடுவேன்" என்றார் அத்தை மெதுவாக.

வீடு வந்து சேரும்வரை அந்த டிராக்டருக்குப் பின்னாலேயே போனார்கள்.